நிசேகோவுக்கு ஸ்நோபோர்டோடு பறப்பவர்களுக்கு

மெல்பர்னில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "மவுண்ட் புல்லர் பனிமலையில் இரண்டு சீசன் கற்றுக்கொண்டு, சீசன் முடிவுத் தள்ளுபடியில் நானும் மனைவியும் சொந்தமாக ஸ்நோபோர்டு வாங்கிவிட்டோம். ஜனவரியில் ஜப்பானில் நிசேகோ போகிறோம். டோக்கியோவில் இரண்டு நாள், பனியில் ஆறு நாள். இவ்வளவு நீளமான சாமானை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? இல்லை, பேசாமல் அங்கேயே வாடகைக்கு எடுத்துவிடலாமா?"

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதெல்லாம் ஏன் என்று புரியும். நான் முதல்முறை நிசேகோ போனபோது போர்டு, பூட்ஸ், கையுறை, பனிக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் ஒரே நீளப் பையில் அடைத்து செக்-இன்னில் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு விமானம் ஏறினேன். நடுவில் ஒரு நகரத்தில் விமானம் மாற வேண்டியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன், பை பிடிக்கவில்லை. அது வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். அந்த மூன்று நாளும் வானம் கிழிந்த மாதிரி பனி கொட்டியது. வாடகை பூட்ஸ் என் காலுக்கு அரை அளவு சின்னது. இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, ஊர் திரும்பிய பிறகு விழுந்தன. புதிதாக வாங்கிய கண்ணாடிக்கும் கையுறைக்கும் கொடுத்த காசை மனைவியிடம் இன்றுவரை சரியாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து, பை கட்டும்போதே "இது ஒரு நாள் கழித்துத்தான் வரும்" என்று வைத்துக்கொண்டு கட்டுகிறேன். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்பதெல்லாம் அதிலிருந்தே தானாக முடிவாகிவிடும்.

வாடகையா, சொந்தமா என்ற கேள்விக்கு வருவோம். மூன்று நான்கு நாள் பயணம் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றிருப்பேன். ஆறு நாள் பனியில் இருக்கப் போகிறீர்கள், அதனால் எடுத்துப்போவது நியாயம்தான். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் புல்லரில் பழகியது பெரும்பாலும் இயந்திரம் வைத்துச் சமன் செய்த, இறுகிய பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, நிசேகோ இருக்கும் வட தீவான ஹொக்கைடோவில் கொட்டுகிறது. அந்தப் பனி மாவு போல உலர்ந்து, முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். ஒரு சீசனில் சுமார் 15 மீட்டர் விழுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆழத்தில் மூக்கு அகன்று வால் குறுகிய போர்டு மிதக்கும்; உங்களுடையது கொஞ்சம் முங்கும். பின்னங்கால் எரியும். அதனால் சொந்தப் போர்டைக் கொண்டுபோங்கள், பெரும் பனி விழுந்த ஒரு நாள் மட்டும் அங்கே அப்படி மிதக்கும் ஒரு பவுடர் போர்டை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். நிசேகோவின் ஹிராஃபு கிராமத்தில் வாடகைக் கடைக்குப் பஞ்சமே இல்லை.

போர்டு எப்படியானாலும், பூட்ஸ் விஷயத்தில் பேச்சே கிடையாது. அது உங்களோடு வர வேண்டும், அதுவும் கேபினில். போர்டு தொலைந்தால் அடுத்த கடையில் இன்னொன்று கிடைக்கும். அதில் நீங்கள் கொஞ்சம் தடுமாறுவீர்கள், அவ்வளவுதான். பூட்ஸின் உள்ளுறை உங்கள் காலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்பப் பதிந்திருக்கிறது. அதற்கு மாற்றுக் கிடையாது. அங்கே அளவெல்லாம் சென்டிமீட்டரில் இருக்கும்: உங்கள் பூட்ஸில் அமெரிக்க ஆண்கள் அளவு 9.5 என்று இருந்தால் அங்கே 27.5 என்று கேட்க வேண்டும். பெரிய கால்காரர்களுக்கு வாடகைக் கடையில் தேர்வு மிகவும் குறைவு.

பூட்ஸ் ஒரு ஜோடி இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். கேபினுக்கு 7 கிலோ என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பரவாயில்லை. பூட்ஸுக்குள் இருக்கும் இடத்தை வீணாக்காமல் காலுறை, கையுறை, கழுத்துத்துணி எல்லாவற்றையும் அதற்குள் திணியுங்கள். கண்ணாடியை மென்மையான துணிப்பையில் போட்டு அதன் மேலே வையுங்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போங்கள்; ஜனவரி மெல்பர்ன் வெயிலில் ஸ்நோ ஜாக்கெட்டோடு வரிசையில் நிற்பது கேவலமாகத்தான் இருக்கும், விமானம் ஏறியதும் தலையணையாகிவிடும். உள்ளே போடும் கம்பளி பனியன் ஒரு செட், பனிக்கால்சட்டை முடிந்தால் அதுவும். இவ்வளவு கையில் இருந்தால், பை வராவிட்டாலும் போர்டை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மறுநாள் காலை மலையேற்றும் லிஃப்டில் ஏறிவிடலாம். பூட்ஸைக் காலிலேயே போட்டுக்கொண்டு பறக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். பத்து மணி நேரப் பயணத்தில் கால் வீங்கும், பாதுகாப்புச் சோதனையில் கழற்றி மாட்டி மானம் போகும். வேண்டாம்.

கண்ணாடிக்கு மாற்று லென்ஸ் இருந்தால், மங்கலான வெளிச்சத்துக்கான மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு லென்ஸைத்தான் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஜனவரி நிசேகோவில் சூரியனைப் பார்ப்பது அபூர்வம். எதிரிலேயே நிற்கும் 1,898 மீட்டர் உயர யோதேய் மலையைக்கூட நான் என் முதல் பயணத்தில் கடைசி நாளன்றுதான் பார்த்தேன்.

இனி எடைக் கணக்கு. போர்டு சுமார் 3 கிலோ, பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங் ஜோடி 2, சக்கரம் வைத்த நல்ல பை 4. ஹெல்மெட், கருவி, மெழுகு, இதர சில்லறை சேர்த்தால் 11 கிலோ. பொதுவாகச் சர்வதேச எகானமியில் ஒரு பைக்கு 23 கிலோ என்றால், இன்னும் 12 கிலோ மீதி. அதாவது உங்கள் துணிமணி முழுவதும் அதே பைக்குள் போய்விடும், தனி சூட்கேஸே தேவையில்லை. நீங்கள் இரண்டு பேர் என்பதால் எனக்குப் பிடித்தது வேறொரு வழி: இரட்டைப் பை ஒன்று வாங்கி, இரண்டு போர்டையும் அதில் போடுங்கள். பைண்டிங்கோடு சேர்த்து 15 கிலோவுக்குள் அடங்கும், மேலே துணி வைத்து 22-இல் நிறுத்தலாம். இன்னொரு பையாகச் சாதாரண சூட்கேஸ். விளையாட்டுச் சாமானுக்குத் தனிக் கட்டணம் போடும் விமானமாக இருந்தால் ஒரு கட்டணத்தோடு போகும். ஆனால் இருவருடைய உடைகளையும் பாதிப் பாதியாக இரண்டு பையிலும் பிரித்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் இருவருக்கும் மாற்றுடை இருக்கும். 32 கிலோவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள். அதற்கு மேல் காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள், அது சுமை தூக்கும் ஊழியர்களின் முதுகுக்காகப் போட்ட வரம்பு. கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நீளம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. சாதாரணப் பைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பதுதான் பல நிறுவனங்களின் வரம்பு. போர்டுப் பையைக் கூட்டிப் பாருங்கள்: 165, 35, 20 சேர்ந்து 220. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் பல பெரிய நிறுவனங்கள் ஸ்கீ, ஸ்நோபோர்டு என்றால் நீளத்தைக் கண்டுகொள்ளாமல் ஒரு பையாக எடுத்துக்கொள்ளும். மலிவு விமானங்களில் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. அதை இணையத்திலேயே முன்கூட்டிக் கட்டினால் ஒரு விலை, விமான நிலையக் கவுண்டரில் கட்டினால் வயிறு எரியும் விலை. அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் பக்கத்தில் விளையாட்டுச் சாமான்கள் என்ற பகுதியைப் படியுங்கள். பொதுவான லக்கேஜ் பகுதியைப் படித்துவிட்டுப் போய் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். டிக்கெட் விற்றது ஒருவர், பறப்பது இன்னொருவரின் விமானம் என்றால் யாருடைய விதி என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி இரண்டு நாள் கழித்துத் தனியாக உள்நாட்டு டிக்கெட் எடுத்தால், ஜப்பானில் உள்நாட்டு வரம்பு 20 கிலோவாக இருக்கக்கூடும். அப்படியானால் மெல்பர்னில் 23 கிலோவுக்குக் கச்சிதமாகக் கட்டிய பை டோக்கியோவில் மூன்று கிலோ அதிகமாகிவிடும். எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெரும்பாலும் சர்வதேச வரம்பே தொடரும், எடுக்கும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், நரிதாவில் இறங்கி ஹனேதாவிலிருந்து கிளம்புவது போல எடுத்துவிடாதீர்கள். இரண்டும் டோக்கியோவுக்கான விமான நிலையங்கள்தான், ஆனால் ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம்.

பை கட்டுவதில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். பைண்டிங்கைக் கழற்றலாமா வேண்டாமா என்பது எங்கள் ஆட்களிடையே முடியாத வாக்குவாதம். ஒரே போர்டு என்றால் கழற்ற வேண்டியதில்லை. முதுகுத் தட்டை மடக்கி, பட்டைகளை இறுக்கி, சுற்றிலும் துணியை அடைத்தால் போதும். ஒரே பையில் இரண்டு போர்டு என்றால் இரண்டிலும் கழற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் பைண்டிங் மற்றதின் அடிப்பாகத்தைக் குத்தும். கழற்றுவதற்கு முன் கோணம் தெரியும்படி போனில் ஒரு படம். சுற்றிலும் பென்சிலால் ஒரு கோடு. இரண்டு போர்டுக்கும் நடுவில் ஒரு தடித்த துண்டு. ஒன்றின் இரும்பு விளிம்பு மற்றதின் மேல்பூச்சைக் கீறுவது அப்போதுதான் நிற்கும். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வைத்து விளையாடும் நீளமான நுரைக்குழாய் இருக்கிறதல்லவா, அதை நீளவாக்கில் கிழித்து விளிம்பில் செருகிவிடுவேன். காசு அதிகமில்லை, விசேஷமாக விற்கும் உறைகளைவிட நன்றாக வேலை செய்கிறது.

அடி எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். நீளப் பையை யாரும் படுக்கவைத்துத் தூக்க மாட்டார்கள். நிமிர்த்தி நிறுத்துவார்கள், அது சரியும், வால் சிமெண்டுத் தரையில் மோதும். அதனால் மிருதுவான துணிகளில் பாதிக்கு மேல் மூக்கிலும் வாலிலும் இருக்க வேண்டும். ஜீன்ஸ், தடித்த ஸ்வெட்டர் எல்லாம் அங்கே. நடுப்பகுதிக்குப் பைண்டிங்கும் ஹெல்மெட்டும். ஹெல்மெட்டுக்குள்ளும் துணி அடையுங்கள். வெளியே தெரியாமல் உள்நுரை விரிசல் விட்டால் அதன் வேலை முடிந்தது.

பைண்டிங் திருகுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு போர்டுக்கு எட்டுத் திருகு. இவற்றைச் சிறிய ஜிப் பையில் போட்டுக் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள், கூடுதலாக நாலைந்து சேர்த்து. திருப்புளியைக் கீழே போகும் பையில்தான் வைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி இதில் வழுக்கும். மூன்றாம் எண் போசிடிரைவ் முனை வேண்டும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் மாட்டும்போது, துளைகள் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கும் போர்டாக இருந்தால், இரண்டு பைண்டிங்கையும் ஒரு துளை பின்னுக்குத் தள்ளி மாட்டுங்கள். மாவுப் பனியில் மூக்கு மேலே நிற்க அந்த இரண்டு சென்டிமீட்டர் போதும். முதல் நாள் இரண்டு முறை சறுக்கி இறங்கியதும் திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நான் ஒருமுறை சோம்பேறித்தனப்பட்டு, லிஃப்டில் போகும்போது பைண்டிங் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மெழுகு போடுங்கள், குளிர்ப் பனிக்கான கடின மெழுகாக. போட்டதைச் சுரண்டாமல் தடிமனாக அப்படியே விட்டுவிடுங்கள். அடிப்பாகத்துக்கும் விளிம்புக்கும் அதுவே பயண உறை. அங்கே போய்ச் சுரண்டிக்கொள்ளலாம். மெழுகுக்கட்டியைப் பையில் வைக்கத் தடையில்லை. ஆனால் அடிப்பாகம் துடைக்கும் திரவங்கள் பலவும் தீப்பிடிப்பவை, எந்தப் பையிலும் வைக்கக்கூடாது. மெழுகு தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியையும் சுமக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 230 வோல்ட், ஜப்பானில் 100. உங்கள் பெட்டி அங்கே ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும், மெழுகு உருகாமல் முறைத்துக்கொண்டிருக்கும்.

பவர் பேங்க் எக்காரணம் கொண்டும் செக்-இன் பையில் போகக்கூடாது. கேபினுக்கு 100 வாட்-மணி வரை பொதுவாகச் சரி. 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது: மில்லி ஆம்பியர் எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-மணி. ஜப்பானிய விமானங்களில் 2025 ஜூலையிலிருந்து இதைத் தலைக்கு மேலே உள்ள அடுக்கில் வைக்காமல் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சூடேறும் கையுறை, காலுறை வைத்திருந்தால் அவற்றின் பேட்டரிக்கும் இதே கதைதான், கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பனிச்சரிவில் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை முதுகுப்பை உங்களுக்கு இப்போது தேவைப்படாது. வாயு உருளை வைத்த அந்த வகையை யாராவது கொண்டுபோவதாக இருந்தால், நிறுவனத்திடம் முன்அனுமதி வாங்காமல் விமான நிலையத்துக்கே போக வேண்டாம்.

பை ஒன்றை மறந்துவிடக்கூடாது, மருந்துப் பை. உடம்பு வலிக்கும் சளிக்கும் நம் வீட்டில் இருக்கும் மாத்திரைகளை அள்ளிப் போடுவோம். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை ஜப்பானுக்குள் தடை. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வையுங்கள். அதே மாதிரி, பைக்குள் துணிக்கு நடுவே கறிவேப்பிலைக் கொத்து, உலர் இறைச்சி எல்லாம் வேண்டாம். தாவரச் சோதனையிலும் கால்நடைச் சோதனையிலும் மாட்டும்.

விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள். மெல்பர்ன் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, சாதாரண டாக்ஸியில் 165 செ.மீ. பை ஏறாது, பெரிய வண்டியாகச் சொல்லிவையுங்கள். கவுண்டரில் எடை போட்டு அட்டை ஒட்டிய பிறகும் பை அந்த பெல்ட்டில் போகாது, பெரிய சாமான்களுக்கான தனி வாசலுக்கு நீங்களே தள்ளிக்கொண்டு போக வேண்டும். இறங்கும் இடத்திலும் அப்படித்தான். சுற்றும் பெல்ட்டை அரை மணி நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுத் தொலைந்தது என்று அழப்போகும் நேரத்தில், மூலையில் ஒரு கதவருகே பை சாய்ந்து நிற்கும். பைக்குள் ஏர்டேக் மாதிரி ஒரு கண்காணிப்பு வில்லை போட்டு வையுங்கள். பை எந்த நாட்டில் இருக்கிறது என்பது கவுண்டரில் நிற்பவரைவிட உங்களுக்கு முதலில் தெரியும். வெளிச்சீட்டு கிழிந்தால் உதவ, உள்ளேயும் பெயர், தங்குமிட முகவரி எழுதிய ஒரு தாள்.

டோக்கியோவில் என்ன செய்வது? அந்தப் பையை இழுத்துக்கொண்டு ஷிஞ்ஜுகு ரயில் நிலையத்தில் ஏறி இறங்குவதை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். ஜப்பானியர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். யமாதோ என்ற கூரியர் நிறுவனம், கறுப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் சின்னம் வைத்தது, 1983-லேயே ஸ்கீ சாமானுக்கென்று தனிச் சேவை தொடங்கியது. தக்யூபின் என்று கேட்டால் காட்டுவார்கள். விமான நிலைய வருகைக் கூடத்திலேயே கவுண்டர் இருக்கும். அங்கே போர்டுப் பையைக் கொடுத்து, நிசேகோ தங்குமிட முகவரியைத் தந்தால், டோக்கியோவிலிருந்து ஹொக்கைடோவுக்குச் சாதாரணமாக இரண்டு நாளில் போய்விடும். நீங்கள் டோக்கியோவில் இரண்டு நாள் சுற்றும்போது போர்டு உங்களுக்கு முன்னால் பனிக்குப் போய்க்கொண்டிருக்கும். உள்நாட்டு விமானத்தின் 20 கிலோ கவலையும் தீர்ந்தது. முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருங்கள், தங்குமிடத்துக்கும் பை வருகிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பனிப்புயல் அடித்தால் ஒரு நாள் பிந்தும். பிந்தட்டும், பூட்ஸ் உங்கள் கையில்தானே இருக்கிறது.

ஹொக்கைடோவில் நீங்கள் இறங்கும் நியூ சிட்டோசே விமான நிலையத்திலிருந்து நிசேகோவுக்குப் பேருந்தில் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். ரயிலிலும் போகலாம், ஒதாரு வழியாக மாறி மாறி, நிசேகோவுக்குப் பக்கத்து ஊரான குட்சான் வரை. ஆனால் பையோடு வேண்டாம். பேருந்தில் இடம் முன்பதிவு செய்யும்போது தலைக்கு எத்தனை பை என்று பாருங்கள். இரவில் இறங்கும் விமானமாக எடுத்தால் கடைசிப் பேருந்து போய்விடும். ஜனவரியில் பனியால் அந்த விமான நிலையமே சில மணி நேரம் ஸ்தம்பிப்பதும் உண்டு. மதியத்துக்கு முன் இறங்குவது போல எடுங்கள்.

பை உடைந்து வந்தால்? விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பையைத் திறந்து விளிம்பையும் மூக்கையும் பாருங்கள். சேதம் என்றால் அங்கேயே லக்கேஜ் கவுண்டரில் புகார் எழுதிப் பிரதி வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும்; தாமதம் என்றால் பை கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள். நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று உச்சவரம்பு உண்டு, 2024 டிசம்பர் கடைசியில் உயர்த்தியது, அமெரிக்க டாலரில் சுமார் 2,000. செக்-இன்னில் சில சமயம் 'சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். நன்றாகக் கட்டிய பையாக இருந்தால், கட்டும்போது எடுத்த படங்களைக் காட்டிப் பேசிப் பாருங்கள், சில நேரம் விட்டுவிடுவார்கள். பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு தானாகச் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். நிசேகோவில் மலையின் எல்லைக்கு வெளியே போகக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தாண்டினால் பல காப்பீடுகள் செல்லாது. எல்லைக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனால் லிஃப்ட் பாஸையே பிடுங்கிவிடுவார்கள்.

திரும்பும் பயணத்தில்தான் எடை ஏமாற்றும். ஈரமான ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, பை எல்லாம் சேர்ந்து வரும்போது இருந்ததைவிட ஒன்றிரண்டு கிலோ கூடிவிடும். கடைசி நாள் மதியத்தோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டு, இரவு முழுவதும் தங்குமிடத்தின் உலர்த்தும் அறையில் எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள். இரும்பு விளிம்பைத் துடைக்காமல் கட்டினால் மெல்பர்ன் வந்து திறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் துரு சிரிக்கும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். போர்டைத் தக்யூபினிலேயே விமான நிலையத்துக்கு அனுப்புவதாக இருந்தால், பை விமானத்துக்கு முந்தின நாள் அங்கே இருக்க வேண்டும். பனிக்காலத்தில் நான் மூன்று நாளுக்குக் குறைந்து விடுவதில்லை. அதாவது கடைசி இரண்டு நாள் போர்டு இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் வரும்போது தக்யூபின், போகும்போது நானே சுமப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அல்லது அந்த இரண்டு நாளில்தான் பவுடர் போர்டை வாடகைக்கு எடுப்பது.

ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது பயணிகள் நிரப்பும் வருகை அட்டையில், மண் ஒட்டிய சாமான், விளையாட்டுக் கருவி, காலணி இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். பூட்ஸின் அடியில் வாகன நிறுத்தத்துச் சேறு ஒட்டியிருக்கும், கவனித்திருக்க மாட்டோம். நிசேகோவிலேயே பழைய பல்துலக்கும் பிரஷால் அடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அட்டையில் ஆம் என்றே குறியுங்கள். அதிகாரி பூட்ஸைத் திருப்பிப் பார்ப்பார், சில சமயம் பைண்டிங்கின் அடித்தட்டையும் பார்ப்பார், இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். போன முறை என் பூட்ஸின் பள்ளத்தில் ஒரு பைன் இலை இருந்தது. இடுக்கியால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, அங்கே பனி எப்படி இருந்தது என்று கேட்டார்.